படைக்கும் முன்னே எடுத்து வைத்தது

1

என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஆடியில் அவருடைய திவசம் வந்தபோது எனக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்து ஆறே நாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குனியக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தப் பினாங்குக்கு வந்த நாளிலிருந்து திவசச் சமையலைப் பிறர் கையில் கொடுக்காதவள், அன்றைக்கு ஹாலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து தாளிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டேன்.

அந்த ஒரு நாளில் நடந்த தவறைத்தான் எழுதுகிறேன். ஊரில் என் தங்கை மகள் ஒரு சின்னப் பத்திரிகையில் வேலை செய்கிறாள். "பெரியம்மா, அங்கே எல்லா மதத்துக்காரங்களும் ஒரே கட்டடத்துல குடியிருக்கீங்களே, அதைப் பத்தி சந்தோஷமா ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். உட்கார்ந்தால் சந்தோஷமாக வரவில்லை. கோபமாகத்தான் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கோபத்தை மறைத்து எழுதுகிற அளவுக்கு எனக்குச் சொல்லித் தரவில்லை.

2

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாமில், ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடி. மூன்றாவது மாடியில் மைமூன் அக்கா இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

அவளை நான் முதலில் பார்த்தது பதிவு அலுவலகத்தில். கப்பலில் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் என்னை வரிசையில் நிறுத்திவிட்டு ஏதோ தாள் வாங்கப் போனார். அதற்குள் என் முறை வந்துவிட்டது. அதிகாரி மலாயில் கேட்டார். பேர் கேட்டது புரிந்தது. அடுத்துக் கேட்டது புரியவில்லை. மறுபடி கேட்டார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் வந்தால் எனக்கு எந்தப் பாஷையும் வராது, தமிழும் வராது. பின்னால் கைக்குழந்தையோடு நின்றவள் எட்டி என் முகத்தைப் பார்த்தாள். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்து, "ஹிந்து" என்று அதிகாரியிடம் சொன்னாள். பிறகு என் காதோரம், "என்ன மதம்னு கேக்குறாங்க புள்ள. இந்த நாட்டுல எந்த பாரம் எடுத்தாலும் அதுக்கு ஒரு கட்டம் இருக்கும். வெக்கப்படாம சொல்லிப் பழகிக்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆடியில் கண் ஆஸ்பத்திரி பாரத்திலும் அந்தக் கட்டம் இருந்தது.

அக்கா இங்கேயே பிறந்தவள். அவளுடைய வாப்பா நாகூர்ப் பக்கமிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் அவள் படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தமிழ் எழுத்து தெரியும், மலாய் தெரியாது. நாகூரிலிருந்து அவளுக்கு வரும் கடிதங்களை நான் படித்துச் சொல்வேன். எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை அவள் படித்துச் சொல்வாள். குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டபோது மலாய்ப் பேச்சுப் பரீட்சை வைத்தார்கள். இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறைக்கு முன்னால் அக்கா, மீன் குழம்பு எப்படி வைப்பது என்று மலாயில் முழுசாக மனப்பாடம் பண்ண வைத்தாள். "அவன் எதக் கேட்டாலும் நீ மீன் கொழம்பச் சொல்லு" என்றாள். அதிகாரி என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகள் மீன் குழம்பு சாப்பிடுவார்கள் என்று ஆரம்பித்து, புளி கரைத்து ஊற்றி இறக்கி வைத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அப்போது நாங்கள் டவுனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. வந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாமிக்குப் படைச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, இப்பத்தான்."

"அப்ப எனக்கு வேணாம் புள்ள."

வாசலிலேயே கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். சாயங்காலம் அவளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "கோவிச்சுக்காத. உன் சாமிக்குக் காட்டினத நான் சாப்பிடக் கூடாது. எங்க மார்க்கம் அப்படி. காட்டாதத குடு, சட்டியோட சாப்புடுறேன்" என்றாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். படைக்கும் முன்னே அதிலிருந்து ஒரு பருக்கை எடுக்கக் கூடாது. உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்க மாட்டோம். அவளுக்குப் படைத்தது ஆகாது, எனக்குப் படைக்காமல் எடுக்க ஆகாது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பாசார் என்கிற சந்தைக்குப் போய் ஒரு சின்னச் சட்டி வாங்கினேன். அதிலிருந்து எந்த விசேஷமானாலும் இரண்டு சட்டி. விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் சின்னச் சட்டியில் அக்காவுக்குத் தனியாக வைத்து எடுத்து மூடிவிடுவேன். பிறகு பெரிய சட்டியில் சாமிக்கு. அவள் மார்க்கமும் கெடவில்லை, என் வழக்கமும் கெடவில்லை. அவளும் அப்படித்தான். பெருநாளுக்கு அவள் வீட்டில் மாட்டுக்கறி வேகும். எனக்குக் கோழி தனி அடுப்பில் வேகும், கிண்டுகிற கரண்டியும் தனி. "இது உன் கரண்டி, எம் மவன்கூடத் தொட மாட்டான்" என்பாள். சஷ்டி விரத நாளில் பெருநாள் வந்தால் பருப்பும் கத்திரிக்காயும் அனுப்புவாள்.

ஊரில் இருக்கிற நீங்கள் தனிச் சட்டியா என்று முகம் சுளிக்கலாம். எனக்கும் தெரியும். எங்கள் ஊர் டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை இருந்தது. அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் குவளை ஆளைத் தள்ளி வைக்க. நான் வாங்கிய சட்டி அக்கா என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. இரண்டும் தனிப் பாத்திரம்தான். பாத்திரத்தை மட்டும் பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது.

3

திவசத்துக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் மாடிவீட்டுச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். என் மகன் சிவா அந்தச் சங்கத்தில் இருக்கிறான். கடலுக்கு அக்கரையில் ஜுருவில் கார் விற்கிற வேலை, தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறான். நல்ல பிள்ளை. புதிதாக எது வந்தாலும் நம்பிவிடுவான், அவ்வளவுதான் குறை.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். செயற்கை அறிவு என்று ஒன்று வந்துவிட்டதாம். அது எல்லா வேதத்தையும் படித்து முடித்துவிட்டதாம். கீதை, குர்ஆன், பைபிள், புத்தர் சொன்னது எல்லாம் அதற்கு ஒரே நேரத்தில் தெரியுமாம். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை அது எடுத்துக் கொடுத்துவிடும், வரும் காலத்தில் மதங்களுக்குள் சண்டையே இருக்காது, மனித குலத்துக்கு ஒரே ஆன்மிகம் என்று சொன்னார். திரையில் சிலுவை, பிறை, ஓம் எல்லாம் உருகி ஒரே வெளிச்சமாக ஆயிற்று. கைதட்டினார்கள். போனில் போட்டுக்கொள்ள 'ஒரே ஒளி' என்று ஒன்று கொடுத்தார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுமாம். சிவா அங்கேயே உட்கார்ந்து அவன் போனிலும் மருமகள் தேவி போனிலும் ஏற்றினான்.

கீழே காப்பிக் கடை வைத்திருக்கும் சீனக் கிழவர் எழுந்து மலாயில் ஒரு கேள்வி கேட்டார். "வருஷா வருஷம் எங்கம்மா சமாதியில புல்லு வெட்டணும். இது வந்து வெட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மனிதரும் சிரித்து, "அதெல்லாம் வெளிச் சடங்கு அங்கிள். உள்ளே இருக்கிற உண்மை ஒன்றுதான்" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைமூன் அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து, "இவரு வீட்டுல யாரு புள்ள சோறாக்குறது?" என்றாள்.

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. வெளிச் சடங்கு என்று நீங்கள் தள்ளுகிறதையெல்லாம் எடுத்துவிட்டால் எனக்கும் இவளுக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்று கேட்க நினைத்தேன். அவள் என்ன சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன தொட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் பழகினோம். ஆனால் கை தூக்க வெட்கம். அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தூக்கவில்லை. தூக்கியிருந்தால் தேவியின் காதிலாவது விழுந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

4

திவசத்தன்று காலை தேவியிடம், "சின்னச் சட்டியில மொதல்ல பாயசம் வச்சு, வடையும் நாலு சுட்டு மைமூன் அக்காவுக்கு எடுத்து வச்சிரு. அப்புறம் படையலுக்கு ஆக்கு" என்றேன். "சரி அத்தை" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வீட்டில் யாருக்குமே நான் காரணம் சொன்னதில்லை. செய்துகொண்டே இருந்தேன், பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

படையல் போட்டார்கள். காக்கைக்கு வைத்தார்கள். சாப்பிட்டோம். தேவி தூக்குச்சட்டியில் பாயசமும் வடையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கூடவே ஒரு அட்டையும் கொடுத்ததாகச் சொன்னாள். நல்லதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கண் கொஞ்சம் தெளிந்தது. லிஃப்டில் இறங்கி அக்காவைப் பார்க்கப் போனேன்.

"வா வா, புதுக் கண்ணுக்காரி. என் மூஞ்சி தெரியுதா?"

"சுருக்கமெல்லாம் தெரியுதுக்கா."

"அல்லாவே, அத மறுபடியும் மூடிக்க. உம் மருமக பாயசம் நல்லா வச்சிருக்கா. கோவிச்சுக்காத, உன்னுதவிட நல்லாருக்கு. ரெண்டு டம்ளர் குடிச்சேன். இனிப்பு நீரு இருக்குன்னு எம் மவன் சத்தம் போட்டான். போடா, செல்லம்மா வீட்டுப் பாயசம் எனக்கு மருந்துன்னு சொல்லிட்டேன்."

பிறகு குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அட்டையை எடுத்து வந்தாள். "படம் அழகா இருக்குன்னு வச்சிருக்கேன். எழுத்துதான் தெரியல. நீ வந்து படிப்பேன்னு வச்சிருந்தேன்."

படத்தில் ஒரு கட்டடம். கீழே கோபுரம், மேலே போகப் போக மினாரா, நடுவில் மாதா கோயில் ஜன்னல், ஓரத்தில் சீனக் கோயில் கூரை. அதற்குள் போகிறவன் தலையை மூடுவதா திறப்பதா என்று படம் போட்டவனுக்கே தெரியாது. கீழே தமிழில் எழுதியிருந்தது. ஆப்பரேஷன் செய்த கண்ணால் நான் படித்த முதல் எழுத்து அது.

"அன்பான அண்டை வீட்டாரே, எங்கள் மூதாதையருக்கும் இறைவனுக்கும் படைக்கப்பட்ட இந்தப் புனிதப் பிரசாதத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வதில் நாங்கள் உற்சாகமாக இருக்கிறோம். ஒவ்வொரு கவளமும் நம் ஒற்றுமையைக் கொண்டாடட்டும்."

மனசுக்குள் படித்துக்கொண்டு போனவள் படைக்கப்பட்ட என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுத்து மாறவில்லை.

"என்ன புள்ள, வாய்விட்டுப் படி."

அவள் முகத்தைப் பார்த்தேன். ரெண்டு டம்ளர் குடித்தேன் என்று இப்போதுதான் சொன்னாள்.

"கண்ணுல தண்ணி வருதுக்கா. நாளைக்குப் படிக்கிறேன்."

"அதுக்கென்ன, பொறுமையா படி. கடுதாசி எங்க ஓடப்போவுது" என்று வாங்கி மறுபடி குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்தாள்.

5

மேலே வந்து தேவியைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"அத்தை, நீங்க படைக்கிறதுக்கு முன்னாடி எடுக்கச் சொன்னீங்க. எனக்கு டவுட்டா இருந்துச்சு. மாமா திவசமாச்சே, தப்பா செஞ்சிடக் கூடாதேன்னு அந்த ஒரே ஒளியில கேட்டேன். படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா நைவேத்தியம் எச்சில் ஆயிடும், படைச்ச பிறகுதான் எல்லாருக்கும் குடுக்கணும்னு சொல்லுச்சு. வேற மதத்துக்காரங்க வீட்டுக்குப் பிரசாதம் குடுக்கிறது ஒற்றுமைக்கு ரொம்ப நல்லதாம். அட்டையும் அதுவே போட்டுக் குடுத்துச்சு. அழகா இருந்துச்சேன்னு..."

அவள் பள்ளியில் தமிழ் படிக்காதவள். ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள், அது தமிழில் எழுதியிருக்கிறது, அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று கொடுத்தவளுக்கும் தெரியவில்லை, வாங்கியவளுக்கும் தெரியவில்லை. திவச வீட்டில் உற்சாகமாக இருக்கிறோம் என்று எழுதின ஒன்றை நம்பி என் அக்காவின் வாய்க்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் சிவா வந்தான். விஷயத்தைக் கேட்டான்.

"அது சொன்னதுல தப்பு இல்லையே மா. நம்ம சாஸ்திரப்படி கரெக்டா தானே சொல்லியிருக்கு."

"கரெக்ட்தான். அதான் எனக்குக் கோவம்."

"மைமூன் அத்தைக்குத் தெரியாது இல்ல? தெரியாம சாப்பிட்டா அவங்க மதத்துல பாவம் இல்லையாம். இப்பத்தான் கேட்டேன். விட்டுடுங்க லா."

"யாரக் கேட்ட?"

அவன் போனைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்து, உடனே அடக்கிக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி மா, மன்னிப்புதானே கேக்கணும்? உங்களுக்குத்தான் பேச வராதே. இது எழுதிக் குடுக்கும். அவங்க மனசு நோகாத மாதிரி எழுதும்" என்று எதையோ தட்டினான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில், "உங்கள் நம்பிக்கையின் உணர்வுகளை நாங்கள் ஆழமாக மதிக்கிறோம்" என்று ஆரம்பித்தது.

"அத அமத்துடா" என்றேன். அவன் ஐம்பதை நெருங்குகிறான். அவனை நான் டா போட்டுப் பல வருஷம் ஆயிற்று. அமர்த்திவிட்டான்.

இந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. என் பேத்தி என்னிடம் பேச வேண்டுமென்றால் போனிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள், இந்தக் குரல்தான் எனக்குத் தமிழில் சொல்கிறது. மூன்று வருஷம் முன்புவரை, "பாட்டி, பசிக்குது" என்று அவளே சொல்வாள். கோணலாகச் சொல்வாள், ஆனால் அவள் வாயால் சொல்வாள். இப்போது, "பாட்டி அவர்களே, எனக்குப் பசியாக இருக்கிறது" என்று இது சொல்கிறது. இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிறேன் என்று நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் தமிழ் போயிற்று. மதங்களையும் இப்படித்தான் சேர்த்து வைக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் படித்த ஒன்று, நாங்கள் இரண்டு பேர் பாசார் சட்டியை வைத்துப் பண்ணின ஏற்பாட்டைப் படிக்கவில்லை. எந்த வேதத்திலும் அது இல்லை. எழுதி வைக்காததை அது எப்படிப் படிக்கும் என்று சிவா அதற்காகப் பேசுகிறான். அதுதான் நானும் சொல்வது. தெரியாத வீட்டு அடுப்பில் கை வைக்கக் கூடாது. ஒரு கிழவி ஏன் இரண்டு சட்டி வைக்கிறாள் என்று தேவி என்னைக் கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டாவது சொல்லியிருப்பேன். போனைக் கேட்டதால் என்னைக் கேட்கவில்லை. இப்போது நான் எழுதிவிட்டேன். அச்சில் வந்தால் இதையும் அது படித்துக்கொள்ளுமாம். படித்துவிட்டு, மத நல்லிணக்கத்துக்கு இரண்டு சட்டி வாங்குங்கள் என்று ஊரெல்லாம் யோசனை சொல்லும். அந்தச் சட்டியில் யாரும் சாப்பிட வேண்டாம்.

6

மறுநாள் காலை கீழே போவதற்கு முன்னால் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் மகனுக்கும் தெரியாது. அந்த அட்டையைக் கையில் வாங்கி, "மைமூன் அக்காவுக்கு அன்புடன் செல்லம்மா குடும்பம்" என்று நான் படித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவள் சந்தோஷமாக இருப்பாள். பாயசத்தின் பேரும் கெடாது. லிஃப்ட் ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்குகிற வரையில் அப்படித்தான் படிக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

அவள் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கடிதம் கேட்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நாகூரில் அவளுடைய சாச்சா இறந்த கடிதத்தைக்கூட அப்படித்தான் கேட்டாள். அந்த மூடின கண்ணைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. அட்டையில் இருந்ததை இருந்தபடி படித்தேன். படைக்கப்பட்ட என்பதையும் படித்தேன். பிரசாதம் என்பதையும் படித்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"படைச்சதா?"

"ஆமாக்கா. எனக்குத் தெரியாது. நேத்து இதப் படிச்சப்பத்தான் தெரியும். நான் எடுத்து வைக்கத்தான் சொன்னேன்."

"நேத்தே தெரியுமா? கண்ணுல தண்ணின்னு சொன்னே?"

"பயந்துட்டேன்."

"யாரு அந்தப் புள்ளைக்கு இப்படிச் சொன்னது?"

"போன்ல. அந்தக் கூட்டத்துல குடுத்தாங்களே, அது."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அது எந்த வீட்டுலயாவது உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய் அந்தத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கழுவித் துடைத்திருந்தாள். வழக்கமாகத் தூக்குச்சட்டியைக் காலியாகத் திருப்பித் தர மாட்டாள், இரண்டு முட்டையாவது போட்டுத் தருவாள். அன்றைக்கு ஒன்றும் போடவில்லை.

"உம் மேல கோவம் இல்ல செல்லம்மா. தெரியாமச் சாப்பிட்டத ஆண்டவன் மன்னிப்பான். நீ மறைக்காமப் படிச்சியே, அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் அனுப்பாத. எடுத்து வாயில வைக்க எங் கை வராது. நான் பொய் சொல்லல, வராது."

"வேணாங்கா. அனுப்பல."

"அந்த அட்டையயும் எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். தேவி அழுதாள். கீழே போய் மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவி, "நீ சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்" என்று அனுப்பி வைத்தாளாம். ஆவணி போயிற்று. புரட்டாசியில் நவராத்திரி. ஒன்பது நாளும் சுண்டல் அவிந்தது, ஒன்றையும் நான் கீழே அனுப்பவில்லை. பின்னேரம் போய் அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வெறுங்கையோடு வருவேன். பேச்சில் ஒரு குறையும் இல்லை. பழைய கதையெல்லாம் பேசுவோம், மலாய் அதிகாரியைப் பற்றிச் சிரிப்போம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டோம். சமையலை விட்டுவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் பேச்சு இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

7

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் அவளே சொன்னாள். "நாளைக்கு நான் மேல வர்றேன். நீ ஆக்கு. அங்கயே சாப்புடுறேன்."

காலையில் வந்தாள். மழைக்காலம் என்றால் அவளுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். ஒரு கையில் கைத்தடி, மறு கையில் தேவிக்கு ஒரு சேலை. சமையலறையில் நாற்காலி போடச் சொல்லி அடுப்புக்கு நேராக உட்கார்ந்தாள். தேவியைக் கூப்பிட்டு, "வா, நீயும் நின்னு பாரு" என்றாள். நான் சின்னச் சட்டியை ஏற்றிக் கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்தேன். ஏன் இதை முதலில் வைக்கிறேன், ஏன் இன்னும் விளக்கு ஏற்றவில்லை என்று தேவிக்கு அக்காதான் சொன்னாள். அதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருஷம் வாய் வரவில்லை. அவள் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்.

"ரவை கருகுது புள்ள."

"கருகல. உங்களுக்கு மூக்கும் போயிருச்சா?"

"பாத்தியா தேவி, பண்டிகை நாள்ல விருந்தாளியப் பேசுற பேச்ச."

சிவா வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மா, எல்லாம் சரியாப் போச்சு. முந்தியாவது தூக்குச்சட்டிலதான் போவும். இப்ப அத்தை நம்ம வீட்டுலயே வந்து சாப்பிடுறாங்க. இன்னும் நெருக்கமாத்தான் ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கினான். சங்கத்தில் போடுவதற்குப் படம் வேண்டுமாம். ஒற்றுமைக்கு இதைவிடச் சாட்சி கிடைக்குமா என்றான்.

"எடுக்காத" என்றேன்.

"ஏன் மா?"

ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நான் சர்க்கரை போடும்போது அக்கா என் கையைப் பார்த்தாள். ஏலக்காய் பொடிக்கும்போதும் பார்த்தாள். பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இருந்தாள், ஆனால் கண் என் கையை விடவில்லை. ஐம்பது வருஷமாக மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டவள் அவள்.

நெய் தீர்ந்திருந்தது. புது டின் சாமி அறை அலமாரியில் இருக்கிறது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "இருங்கக்கா, நெய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சட்டியை அடுப்பிலேயே விட்டுக் கிளம்பினேன். ஏதோ ஞாபகத்தில் கிண்ணத்தையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தில் அவளுக்காக எடுத்து வைத்த முதல் கரண்டி கேசரி இருந்தது; அதோடுதான் சாமி அறைப் பக்கம் போனேன்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கைத்தடி தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. அக்கா என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முட்டிக்கு வலிக்காதபடி மெதுவாக நடந்தேன்.